மூன்று முறை ஊதிய சங்கு

எனக்குச் சந்தேகம் அதிகம். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்லும்போது வலிக்காது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தால், இன்றைக்குத் தக்காளி சரியில்லையோ என்று பையைக் கிளறிப் பார்ப்பேன். இது அப்பாவிடமிருந்து வந்தது. துறைமுகத்து வாசலில், வெளியே போகும் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை அவருக்கு. பாஸ் இல்லாமல் ஒரு ஆணிகூட கேட்டைத் தாண்டக் கூடாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் நடந்தது. யார் எதைச் சும்மா கொடுத்தாலும், கை நீட்டுவதற்கு முன் அப்பா கேட்பது ஒரே கேள்வி: "எதுக்கு?"

அதனால் மாதவரத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த அரை நாள் பயிற்சியில், பிள்ளைகள் கதை சொல்வதற்கு ஒரு செயலி வந்திருக்கிறது, முழுக்க முழுக்க இலவசம் என்று பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் சொன்னதுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. படம் வரையலாம், குரலைப் பதிவு செய்து அதோடு சேர்க்கலாம், புத்தகம் போலப் பக்கம் பக்கமாகப் புரளும். திரையில் ஒரு முயல் வந்து அழகாகப் பேசியது. ஆயத்தக் குரல்களும் ஆயத்தக் கதைகளும்கூட உள்ளே இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"இதை எதுக்கு சார் இலவசமா குடுக்குறாங்க?"

"கல்விக்காக மேடம்" என்று சிரித்தார். என் பக்கத்தில் இருந்த மீஞ்சூர் ஆசிரியை முழங்கையில் கிள்ளினார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளி திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், லாரிப் புழுதிக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் கட்டடம். நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பயிற்சிக்குப் போய் வந்த வாரமே தலைமையாசிரியை உத்தரவு போட்டுவிட்டார்: வகுப்புக்குப் பத்துக் கதைகள் தயாராக வேண்டும், பெற்றோர் கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை அவற்றை ஸ்பீக்கரில் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்தச் செயலியின் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்தேன். உலகத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கேமரா வேண்டும், மைக் வேண்டும், போனில் உள்ள எண்கள் எல்லாம் வேண்டும், நான் எங்கே இருக்கிறேன் என்பதும் தெரிய வேண்டும். ஒரு முயல் கதை சொல்ல என் வீட்டு முகவரி எதற்கு? பிள்ளைகளின் குரலை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? யாரிடம் கேட்டாலும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் எனக்கு நிம்மதியும் இல்லை.

கடைசியில் ஒரு வழி செய்தேன். மூலையில் கண்ணாடி உடைந்த என் பழைய போனை எடுத்து, சிம்மைக் கழற்றிவிட்டு, அதில் மட்டும் செயலியை ஏற்றினேன். கணக்கு எதுவும் தொடங்கவில்லை. கணக்கு இல்லாமலும் அது வேலை செய்தது. ஆனால் செய்ததெல்லாம் அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும்.

"அக்கவுன்ட் போட்டா எல்லாம் மேல பத்திரமா இருக்கும் டீச்சர்" என்றார் அறிவியல் ஆசிரியர்.

"மேலன்னா எங்க?"

அவர் விரலால் கூரையைக் காட்டினார். பார்த்தீர்களா என்பதுபோல நான் தலையாட்டினேன். அன்று அந்தத் தலையாட்டலில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போனைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பதிவு செய்யலாம். ஆனால் பாஸ் வேண்டும். ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டேன்: யார், எப்போது வெளியே, எப்போது உள்ளே, எதற்காக, கையெழுத்து. அப்பா வாசலில் வைத்திருந்த பதிவேட்டை நினைவில் வைத்துப் போட்ட கோடுகள். பழைய ரப்பர் முத்திரை ஒன்று அலமாரியில் கிடந்தது, அதையும் நோட்டோடு சேர்த்து வைத்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டால், மொத்த வகுப்பும் "எதுக்கு?" என்று கூவும். ஒருநாள் அறிவியல் ஆசிரியர் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொண்டுவந்தபோதும் அப்படியே கூவி அவரைத் திணறடித்தார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

பாஸ் நோட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒரு சிறுமியிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வயது, முத்து முத்தான கையெழுத்து, பேசினால் திக்கும். வருகைப் பதிவில் அவள் "உள்ளேன்" சொல்லி முடிப்பதற்குள் நான் மூன்று எண் தாண்டியிருப்பேன். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை, அவளுக்குச் சௌகரியம் என்று நினைத்துக் கொடுத்தேன். என் மனதில் நான் செய்தது பெரிய உபகாரம்.

அவள் அப்பா டிரெய்லர் ஓட்டுநர். கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிற வண்டி. துறைமுகத்துக்குள் விடும்வரை அந்த வண்டிகள் எங்கள் சாலையில் வரிசையாக நிற்கும். சில சமயம் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வண்டியை விட்டு இறங்க முடியாது. மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தபோது நான் அவளிடம் பெயர் கேட்டேன். அவள் முதல் எழுத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். பிடித்த பாடம் கேட்டேன், அதையும் அவரே சொன்னார்.

"அவளுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும் மிஸ். அவ சொல்லிகினு இருக்கத் தேவையில்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் கதைகளைப் போடப்போகிறோம் என்று நான் அறிவித்த அன்று, எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். கஷ்டமாக இருந்தால் எழுதிக் காட்டுவது அவள் வழக்கம். ஒரு தாளை நீட்டினாள். 'எங்க நைனா வந்தா என் கதைய முழுசா போடுவீங்களா மிஸ்? நடுவுல நிறுத்தாம?'

"போடுவேம்மா" என்றேன். இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பில் சட்டென்று சொன்ன வார்த்தை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை மாலை அவள் போனை எடுத்துப் போனாள். அவளுடைய பாஸை அவளே எழுதினாள். எதற்காக என்ற கட்டத்தில் 'நைனாவுக்கு' என்று இருந்தது. திங்கள் காலை திருப்பிக் கொடுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவள் கதையைப் போட்டேன். நான்கு நிமிடம். வரிசையில் நிற்கும் ஒரு லாரிக்கும் ஒரு பெண்ணுக்கும் நடக்கிற பேச்சு. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்த பெண், வண்டிக்குள் தூங்கும் அவரைக் கீழேயிருந்து கூப்பிட நினைக்கிறாள். அப்போது லாரி பேசுகிறது. படத்தில் லாரிக்கு முகப்பு விளக்குகளே கண்கள். குரல் தெளிந்த நீரோட்டமாக இருந்தது. ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.

கதை முடிந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். "மிஸ், இது அவ இல்ல மிஸ். அவ இப்டிலாம் பேச மாட்டா."

எனக்குள் இருந்த வாசற்காவல் விழித்துக்கொண்டது. கதையை மறுபடி போட்டேன். இந்த முறை குரலை விட்டுவிட்டு அதன் பின்னால் இருந்த சத்தங்களைக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் கடிகாரம் பார்ப்பவர்கள் குறைவு. தொழிற்சாலைச் சங்குதான் எங்களுக்கு நேரம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்புவார்கள். இந்த நான்கு நிமிடக் கதைக்குள் சங்கு மூன்று முறை ஊதியது. மூன்று முறையும் பாதியில் அறுந்தது. ஒரு வரியில் குக்கர் விசில், அடுத்த வரியில் மயான அமைதி, அதற்கடுத்ததில் காக்கை. வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் இதெல்லாம் காதில் விழுந்திருக்காது. சங்கு கேட்டே வளர்ந்த எனக்கு நன்றாக விழுந்தது.

ஒரே மூச்சில் சொன்ன கதையில் மூன்று வேளைச் சங்கு எப்படி வரும்? யார் யாரோ பேசியதை ஒட்டியிருக்கிறாள். அல்லது அந்த இலவசக் குரல்களில் ஒன்றை எடுத்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

"யார் பேசினது இது?"

"நா... நா..."

நான் காத்திருக்கவில்லை. "சரி, நீதான்னா இங்க வந்து நின்னு சொல்லு. நாலு வரி போதும்."

வந்தாள். கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். முதல் சொல்லே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடியது, உதடு துடித்தது. யாரோ சிரித்தார்கள். அதை அடக்கியிருக்க வேண்டியவள் நான். அதற்குப் பதிலாகப் போனை எடுத்து, "நம்ம வகுப்புக்குப் பொய்க் கதை வேண்டாம்" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் அந்தக் கதையை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா, இதைத் திரும்பப் பெற முடியாது என்று செயலி கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன்.

அவள் அழவில்லை. தன் இடத்துக்குப் போய்ப் பாஸ் நோட்டையும் முத்திரையையும் எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

புதன்கிழமை காலை, முந்தின நாள் போனை வாங்கிப் போயிருந்த இன்னொரு மாணவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "போன் பேஜாரு பண்ணுது மிஸ். ரெக்கார்டே ஆவல. உள்ள எடமே இல்லன்னு காட்டிகினு கீது."

ஒன்றுமில்லாத போனில் எது இடத்தை அடைத்துக்கொண்டது? அந்தச் செயலி எதையோ கள்ளத்தனமாக இறக்கி வைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். செயலி எதையும் செய்யவில்லை. போனிலேயே இருக்கும் ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடந்தன. எல்லாமே அந்தச் சனி, ஞாயிறில் பதிவானவை.

முதல் துண்டைத் தட்டினேன். "எ... எ... எ..." அவ்வளவுதான். இரண்டாவது, "எங்... எங்..." மூன்றாவதில் வெறும் மூச்சு. நான்காவது, ஐந்தாவது எல்லாம் அப்படியே. பதினோராவதோ பன்னிரண்டாவதோ, தெளிவாக, "எங்க நைனா." அடுத்த துண்டிலிருந்து "வண்டி" என்ற சொல்லுக்கான போராட்டம். ஒன்றில் அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் அவள் அம்மா உள்ளேயிருந்து கத்துகிறார்: "இன்னாடி காத்தாலேர்ந்து தனியா பேசிகினு கீற? வந்து துன்னு." காலைச் சங்கு ஒரு துண்டில். மதியச் சங்கு ஒன்றில். மாலைச் சங்கு ஒன்றில்.

நான் ஒட்டுவேலை என்று கண்டுபிடித்தது சரிதான். ஒட்டியவள் யார், எதை ஒட்டினாள் என்பதில்தான் தவறிவிட்டேன். திக்கிய இடங்களையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, திக்காமல் வந்த சொற்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள். நான்கு நிமிடம் பேசுவதற்கு அவளுக்கு மூன்று சங்கும் தேவைப்பட்டிருக்கிறது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அறையில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததுகூட என்னைப் பற்றித்தானோ என்று தோன்றியது.

அழித்த கதையை மீட்க வழி இருக்கிறதா என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். போனை வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"அக்கவுன்ட் இருந்திருந்தா எடுத்திருக்கலாம் டீச்சர்" என்றார். போனைத் துடைத்து என்னிடமே கொடுத்தார். சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே அவளை வராந்தாவுக்கு அழைத்தேன். "துண்டெல்லாம் அப்படியே இருக்கும்மா. கேட்டேன். திரும்பவும் சேர்த்துடலாமா? வெள்ளிக்கிழமை போட்டுடலாம். நான் கூட இருக்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். இந்த முறை நான் காத்திருந்தேன்.

"எ... எ... எதுக்கு மிஸ்?"

நான் சொல்லிக்கொடுத்த கேள்வி. சும்மா நீளும் கையைப் பார்த்துக் கேட்கச் சொன்ன கேள்வி. என் கையும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. உன் நன்மைக்காக என்று வாய்வரை வந்தது. கல்விக்காக என்று அந்தப் பயிற்சிக்காரர் சிரித்தது நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டேன்.

"நான் தப்பு பண்ணிட்டேன். அதுக்குத்தான்" என்றேன்.

அவள் போனுக்காகக் கையை மட்டும் நீட்டினாள்.

மறுநாள் முதல் பாடவேளையில், அது அவள் குரல்தான், அழித்தது என் தவறு என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பின் பெஞ்சுக்காரன் விடவில்லை. "அப்போ எப்டி மிஸ் திக்கல?" அவளையே கேள் என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டினாள். அன்று முழுவதும் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்தாள். உதவுகிறேன் என்று கிட்டே போனபோது சார்ஜர் வயரை என் கையில் கொடுத்தாள். கழன்று கழன்று விழும் வயர் அது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். வண்டி வரிசையில் நிற்கிறது, தெரிந்த ஒருவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன், வரிசை நகர்ந்தால் போய்விட வேண்டும் என்றார். அவள் கதையைத்தான் முதலில் போட்டோம். ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. சங்கு பாதியில் அறுந்தது, காக்கை கத்தியது, லாரி பேசியது. 'நான் இந்த ரோட்ல ரெண்டு நாள் நிப்பேன். எனக்கு இன்னா அவசரம்? நீ மெதுவா சொல்லு.' இதையேதான் செவ்வாய்க்கிழமையும் அந்தக் கதை என்னிடம் சொல்லியிருந்தது.

முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "யாரு மிஸ் பேசுனது? நல்லாத்தான் கீது. ஆனா எம் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா?"

அவளேதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் எழுந்து நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"நா... நா... நா..."

அவர் பழக்கதோஷத்தில் வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, அப்படியே நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மதியச் சங்கு ஊதத் தொடங்கியது. சங்கு முழுவதுமாக ஊதி ஓய்ந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான்தான் நைனா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வண்டி இப்டிலாம் பேசுமா இன்னா?" என்று கேட்டார். அவள் பதில் தேடிக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்துகொண்டார். வரிசை நகர்ந்திருக்கும் என்று நானே இரண்டு முறை நினைவூட்டியும் எழுந்திருக்கவில்லை.

போகும்போது அந்தக் கதையைத் தன் போனில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவள் என் மேசையிலிருந்து பாஸ் நோட்டை எடுத்து வந்து பெற்ற அப்பனிடமே நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி, எதற்காக என்ற கட்டத்தில் 'வரிசையில் நிக்கிறப்ப கேக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

அந்தச் செயலி ஏன் இலவசம் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதன்மேல் என் சந்தேகம் குறையவும் இல்லை. இன்னமும் கணக்குத் தொடங்கவில்லை. பழைய போன் என்றைக்காவது கண்ணை மூடிவிடும் என்பதுதான் என் புதுப் பயம். அதனால் திங்கட்கிழமை மதியம் அவளிடம் போய், கதையில் ஒரு பிரதி நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

அவள் நோட்டைத் திறந்து வைத்தாள். எதற்காக என்ற கட்டத்தில் 'பள்ளிக் கோப்புக்காக' என்று எழுதினேன். படித்துவிட்டு நோட்டை என் பக்கமே தள்ளினாள். அதை அடித்துவிட்டு, 'இன்னொரு முறை கேட்பதற்காக' என்று எழுதினேன். அதற்கும் முத்திரை விழவில்லை. கட்டத்தில் இடம் போதாமல் கோட்டைத் தாண்டி எழுதினேன்: 'முதல் முறை நான் கதையைக் கேட்கவில்லை. சங்கை மட்டும்தான் கேட்டேன்.'

அவள் அதை விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். பிறகு முத்திரையை மையில் தொட்டு அழுத்தினாள்.